பூக்காரர் வீட்டில் ஒரு லெட்யூஸ்

என் தேவகியக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் முதலில் உட்கார். நின்றுகொண்டே கேட்கிற சங்கதி இல்லை இது. உன் புருஷனை நான் பழிவாங்கிவிட்டேன்.

"ஐயோ, அவரு பாவம்டி" என்று நீ ஆரம்பிப்பாய். வேண்டாம். உயிரோடு இருந்தபோது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் என் வாயை அடைத்தாய். இப்போது நீ பேச முடியாது, நான் பேசுவேன். பத்திரிகைக்காரர்கள் இதை அச்சில் போடுகிறோம் என்றிருக்கிறார்கள். பாவா படித்துவிடுவாரோ என்று பயப்படாதே. அவருக்கும் பேப்பருக்கும் உள்ள உறவு பூ மடிக்கிறதோடு சரி.

மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அக்கா தேவகி, திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருப்பவரின் மனைவி. அக்கா புருஷனை நாங்கள் பாவா என்போம். பிள்ளையில்லாத வீடு. போன வருஷம் கார்த்திகை மாதம், நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் அவள் தங்கை. அரக்கோணத்தில் குடித்தனம், சென்னையில் ஒரு பெரிய காய்கறிக் கடையில் பில் போடும் வேலை. தினம் ரயிலில் போய் ரயிலில் வருகிறவள்.

அந்தக் கடையிலிருந்துதான் அக்கா, நான் உனக்கு முதல் லெட்யூஸைக் கொண்டுவந்தேன். ஞாபகம் இருக்கிறதா? முட்டைக்கோஸ் மாதிரி இலை இலையாகச் சுருண்ட சீமைக்கீரை, மேல் இலை ஒடிந்துபோனதால் யாரும் எடுக்காமல் கிடந்தது. இதை என்னடி செய்வது, கூட்டா பொரியலா என்று கேட்டாய். பச்சையாகத் தின்னச் சொன்னேன். உப்பைத் தொட்டு எலுமிச்சை பிழிந்து ஒரு கடி கடித்துவிட்டுச் சிரித்தாயே! "இன்னாடி கோமு இது, தண்ணிய கடிக்கிற மாதிரி கீது!" நாற்பத்தெட்டு வயதில் உனக்கென்று நீ ஆசைப்பட்ட முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அரக்கோணத்தில் இறங்காமல் திருத்தணி வரைக்கும் வந்து, ஒன்று கொடுத்துவிட்டுப் போவேன்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று. அதுதான் சிக்கல். முதல் தடவை மூன்றாம் நாளே அழுகிவிட்டது. ஏன் அழுகாது? பூக்காரர் வீட்டு வழக்கப்படி வாழையிலையில் மடித்து, ஈரத்துணி சுற்றி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வைத்தாய். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதானே வைத்தியம். மல்லிக்கு ஈரத்துணி, சாமந்திக்கு ஈரச்சாக்கு. ஃப்ரிட்ஜில் முக்கால்வாசி பூ, ஒரு மூலையில் இட்லி மாவு, அதற்கும் மல்லி வாசனை.

அப்புறம் நீயே கண்டுபிடித்தாய். யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. ஒருநாள் கழுவின இலைகளைப் பாவாவின் பழைய வேட்டியில் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டு மறந்துபோனாய். வந்து பார்த்தால் ஒரு பொட்டு ஈரமில்லை. போச்சு, வாடிவிடும் என்று நினைத்துக்கொண்டே எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினாய். ஐந்தாம் நாள் திறந்தால் அன்று பறித்தது மாதிரி இருந்ததாம். எனக்கு ஃபோன் போட்டு நீ கத்தின கத்தலில், பில் போட வரிசையில் நின்றவர்களெல்லாம் என்னையே பார்த்தார்கள்.

அதிலிருந்து அது உனக்கு ஒரு சாஸ்திரமே ஆகிவிட்டது. இலையைத் தனித்தனியாகப் பிரிக்கணும். ஜில் தண்ணீரில் முக்கி எடுத்து உதறணும். ஈரம் முழுக்கப் போகிறவரைக்கும் தொடக்கூடாது. டப்பாவுக்கு அடியில் ஒரு காய்ந்த துணி, மேலே ஒரு காய்ந்த துணி, நடுவில் இலையை அமுக்காமல் படுக்கவைக்கணும். மூன்று நாளைக்கு ஒரு தடவை துணியை மாற்றணும். கத்தி வைத்தால் ஓரம் கருக்கும், கையால்தான் கிள்ளணும். ஒரு இலை துவண்டுபோனால் ஐஸ் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் நிமிர்ந்துகொள்ளும். முக்கியமாக, வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. "பழத்தோட மூச்சு பட்டா எலை செத்துப்பூடுது கோமு, பழுப்பா புள்ளி வுழுது" என்றாய். மலைக்குப் போய் வருகிறவர்கள் எல்லாரும் பழமும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்து வைக்கிற வீட்டில், அந்த ஒரு டப்பாவை நீ காப்பாற்றின பாடு எனக்குத்தான் தெரியும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு உன்னுடையது. அந்த வீட்டில் வேறு எது உன்னுடையதாக இருந்தது, சொல் பார்ப்போம்?

பாவா அதற்கு வைத்த பெயர் ஆட்டுத்தழை.

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன். அதைப் பேசாமல் இந்தக் கடிதம் நகராது. காவடி எடுக்கிற கூட்டம் ஊரையே அடைத்திருந்தது. பள்ளிப்பட்டிலிருந்து பாவாவின் அண்ணன் முனிரத்தினம் குடும்பத்தோடு வந்திருந்தார். கூடத்தில் இருபது பேருக்கு இலை போட்டாயிற்று. இரண்டு நாள் முன்பே நீ எனக்கு ஃபோனில் சொல்லியிருந்தாய்: "பன்னெண்டு நாளு ஆச்சுடி, இன்னும் கடிச்சா சத்தம் வருது. கிருத்திகைக்கு எல்லாரு எலையிலயும் ஆளுக்கு ஒண்ணு வைக்கப்போறேன், பாரு." உன் குரலில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

சாம்பார் போட்டாயிற்று. நீ டப்பாவைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் மூடியைத் திறந்தாய். கூடமே நாறிப்போனது. உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று என்னவோ கிடந்தது. நீ பாவாவைப் பார்த்தாய். அவர் தன் இலையைப் பார்த்தார். அப்புறம் முதலில் சிரித்தவர் அவர்தான்.

"பாருங்க, பூக்காரன் பொண்டாட்டி! ஒரு தழைய காப்பாத்த துப்பில்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். முனிரத்தினம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா தேவகி, நாங்க இன்னா ஆடா?" என்றார், அதற்கு இன்னொரு சிரிப்பு. நீ டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாய். கொஞ்ச நேரம் கழித்து நான் பின்பக்கம் வந்தபோது குழாயடியில் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாய், மூன்றாவது தடவையாக.

அன்றைக்கு சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு நடந்துவந்து சொன்னாய். முந்தின நாள் மல்லி அதிகமாக வந்து இறங்கிவிட்டது, ஃப்ரிட்ஜில் இடமில்லை. பாவா உன் டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்திருக்கிறார். தண்ணி காட்டாமல் வைத்திருக்கிறாளே, பைத்தியக்காரி என்று தண்ணீரை ஊற்றி, ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டித் திரும்ப டப்பாவிலேயே திணித்து, சாமி அலமாரியில் வாழைத்தாருக்கு அடியில் வைத்துவிட்டார். அந்தப் புழுக்கத்தில் ஒரு நாள் போதாதா? நீ விடியலிலிருந்து பூக்கட்டிக்கொண்டிருந்துவிட்டு, பரிமாறுகிற அவசரத்தில் அங்கேயிருந்து அப்படியே எடுத்துவந்தாயாம், திறந்து பார்க்கவே இல்லை.

"அப்போ சொல்ல வேண்டியதுதானே அக்கா, உன் புருஷன் பண்ண வேலைன்னு?"

"அத்தினி பேருக்கு எதிர்ல எப்டிடி சொல்றது? பூக்காரருக்கு மானம் போவும்."

"உனக்கு மானம் இல்லியா?"

யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். ரயில் வந்தபோது, "இனிமே வாங்கியாராத கோமு. எனக்கு வேணாம்" என்றாய். அவ்வளவுதான். நீ வேண்டாம் என்று சொன்ன பொருளும் அது ஒன்றுதான்.

நாலு மாதத்தில் நீயும் போய்விட்டாய். லெட்யூஸ் போனதால் செத்தாய் என்று சொல்லுகிற பைத்தியம் இல்லை நான். ஆனால் உன்னைக் கிடத்தியிருந்த அதே கூடத்தில், உன் கால்மாட்டில் நின்றுகொண்டு முனிரத்தினம் யாரிடமோ சொன்னார்: "வெள்ளந்தி, பாவம். ஒரு தழை வைக்கக்கூட தெரியாது அதுக்கு." பாவா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் கருவினேன் அக்கா. உன் மேல் விழுந்த பழியை, அதே கூடத்தில், அதே ஆட்களுக்கு எதிரில், அந்த மனுஷன் தன் வாயால் துடைக்கணும். நான் சொல்ல முடியாது, சத்தியம். அவர்தான் சொல்லணும். சொல்லாவிட்டால் நீ பட்டதை அவர் படணும். இரண்டில் ஒன்று நடக்காமல் இந்தக் கட்டை வேகாது என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு மாதம் காத்திருந்தேன். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராமலா போகும்?

வந்தது. உன் முதல் வருஷத் திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது பாவாவிடமிருந்து ஃபோன்.

"கோமதி, அந்தத் தழை கீதில்ல... உங்கக்கா துன்னுகினு இருப்பாளே. அது எங்க கெடைக்கும்?"

சொன்னேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சர்க்கரை ஏறியிருக்கும், டாக்டர் பச்சையாகத் தின்னச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். எனக்கு வயிறு எரிந்தது. நீ தின்றால் ஆட்டுத்தழை, அவர் தின்றால் மருந்தா?

"ஒரு பத்து நாளிக்கு நல்லா இருக்கணும். தேவகி எப்டி வச்சிகினு இருந்தா? நீ பாத்திருக்கியே."

என் நாக்கின் நுனி வரைக்கும் உன் சாஸ்திரம் முழுக்க வந்துவிட்டது. காய்ந்த துணி, ஃபேன், டப்பா, எல்லாம். அதை விழுங்கினேன்.

"உங்களுக்குத் தெரியாததா பாவா? பூ மாதிரிதான். நல்லா ஈரத்துணி சுத்தி, கவர்ல இறுக்கக் கட்டி வையுங்க. காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிங்க. வாழைப்பழத்துப் பக்கத்துல வச்சா இன்னும் நல்லது."

"ஆங், அதானே! நானும் அதான் நெனச்சேன்" என்றார். என்ன சந்தோஷம் அந்தக் குரலில்! ஃபோனை வைத்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். தின்னுங்க பாவா, அழுகலைத் தின்னுங்க என்று வாய்விட்டே சொன்னேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

திதியன்று வந்தேன். கூடத்தில் உன் படம், பெரிய சாமந்தி மாலை, தலைவாழை இலையில் படையல். உனக்குப் பிடித்தது என்று வடை, அதிரசம், கத்திரிக்காய்க் குழம்பு. முனிரத்தினம், அவர் சம்சாரம், பிள்ளைகள், போன வருஷ ஆடிக்கு உட்கார்ந்திருந்த அதே ஆட்கள். கற்பூரம் ஏற்றுகிற நேரத்தில், "ஒரு நிமிஷம் இருங்க" என்று பாவா உள்ளே போனார். கையில் உன் எவர்சில்வர் டப்பாவோடு வந்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது அக்கா. சர்க்கரையும் இல்லை, டாக்டரும் இல்லை. "தேவகிக்கு புடிச்சது. நானே ரயிலேறிப் போயி வாங்கியாந்தேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். கோயிலையும் கடையையும் தவிர எங்கேயும் போகாத மனுஷன். பிளாட்ஃபாரம் மாறி நின்று ஒரு ரயிலை விட்டுவிட்டு, அடுத்த ரயிலில் நின்றுகொண்டே போனாராம். பத்து நாளும் கடைக்குப் போகுமுன், சுற்றின துணியை அவிழ்க்காமலேயே, அவர் கையாலேயே தண்ணீர் தெளித்தாராம்; அந்த வீட்டுப் பூ வாசனையில் வேறு நாற்றம் யார் மூக்குக்கு எட்டும்?

நான் தடுத்திருக்கலாம். "திறக்காதீங்க பாவா" என்று ஒரு வார்த்தை. உன் படையல் அல்லவா அது? என் பழி அவர் மேல் விழுகிறதா, உன் இலையில் விழுகிறதா? யோசிக்க நேரமிருந்தது. நான் சொல்லவில்லை.

மூடியைத் திறந்தார். அதே நாற்றம்.

அப்புறம் முனிரத்தினம், அவருக்கு எங்கே சிரிக்கணும் என்று என்றைக்குத் தெரிந்தது, "டேய், பூக்காரா! ஒரு தழைய காப்பாத்த துப்பில்லியாடா உனக்கு?" என்றார். பிள்ளைகள் சிரித்தன. அவர் சம்சாரம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் அக்கா. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். பதினாறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று உருண்டு போனது. பொய் சொல்லமாட்டேன், அவ்வளவு இனிப்பாக இருந்தது.

பாவா சிரிக்கவில்லை. டப்பாவோடு உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். அழுகலை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே, கடையில் சரக்கு கெட்டுப்போனால் பேசுவாரே, அப்படித் தனக்குத்தானே பேசினார்.

"ஈரத்துணி போட்டேன். இறுக்கிக் கட்டினேன். பழத்துகிட்ட வச்சேன். அன்னிக்கும் இப்டிதான் வச்சேன், தண்ணி பத்தலன்னு இல்ல நெனச்சேன்..."

"என்னிக்குடா?" என்றார் முனிரத்தினம்.

பாவா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆடிக் கிருத்திகைக்கு. அவ நல்லாதான் வச்சிகினு இருந்தா. மல்லிக்கு எடம் வேணும்னு நான்தான் எடுத்தேன். நான்தான் தண்ணி ஊத்தி கட்டி வச்சேன். அழுக வச்சது நானு. அவ இல்ல." டப்பா மூடியைக் கீழே வைத்தார். "நீங்கல்லாம் சிரிச்சப்போ நானும் சிரிச்சேன். அவ என்னையே பாத்துகினு இருந்தா."

முனிரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் சம்சாரம் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டாயா அக்கா? அதே கூடம். அதே ஆட்கள். உன் பூக்காரர் தன் வாயால் சொல்லிவிட்டார். நான் பதினோரு மாதம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த எந்த வழியிலும் அது வரவில்லை, தானாக வந்தது.

அப்புறம் அவர் அந்தக் கூழுக்குள் தேடி, நடுத்தண்டில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு குருத்திலையைக் கண்டுபிடித்தார். சுண்டுவிரல் அளவுதான். செம்புத் தண்ணீரில் அலசினார். தோளில் கிடந்த துண்டால், மழையில் நனைந்த பிள்ளையின் தலையைத் துவட்டுகிற மாதிரி ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். காய்ந்த இலையை உன் படையலில் வடைக்குப் பக்கத்தில் வைத்தார். துடைக்கணும் என்று அவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு என்னிடம் வந்தார்.

"நீ சொன்னாப்லதான் வச்சேன் கோமதி. எங்கியோ நான்தான் தப்பு பண்ணிட்டேன் போல."

அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். "ஆங் பாவா. நீங்கதான் தப்பு பண்ணிட்டீங்க" என்றேன். தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல் நெஞ்சுக்காரி என்கிறாயா? இரு. நானும் தூங்கவில்லை. உனக்கென்று அந்த மனுஷன் செய்த முதல் காரியத்தை நான் அழுகவைத்தேன், உன் இலையில் வைக்கிற பொருள் என்று தெரியாமல். அது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் உறுத்துகிறது என்பதற்காக விட்டுவிடுவேனா? கணக்காக யோசித்துவிட்டேன். தான் செய்ததை நீ செய்ததாக அவர் பதினாறு மாதம் ஊர் வாயில் விட்டுவைத்தார். நான் செய்ததைத் தான் செய்ததாக அவரும் பதினாறு மாதம் நினைத்துக்கொண்டு இருக்கட்டும். பூக்காரர் கைக்கு ஒரு தழை வசப்படவில்லை என்று தினமும் ஈரத்துணியைப் பிழியும்போது நினைக்கட்டும். ஒரு நாள் குறைக்கமாட்டேன். அதற்குள் இந்தத் தாளே பூ மடிக்க அவர் கடைக்குப் போய், மடிக்கிற நேரத்தில் அவர் கண்ணில் பட்டால், அது முருகன் விட்ட வழி.

உன் டப்பாவைக் கேட்டு வாங்கிவந்துவிட்டேன். புளி போட்டு, சாம்பல் போட்டு, வெயிலில் வைத்து நாற்றத்தை எடுத்தேன். இப்போது என் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது. உள்ளே காய்ந்த துணி, லெட்யூஸ், மேலே காய்ந்த துணி. பழம் வாங்கினால் என் வீட்டில் இப்போது ஜன்னலில்தான் தொங்குகிறது. இன்றோடு ஒன்பது நாள். இதை எழுதுவதற்கு முன்னால் ஒரு இலையைக் கிள்ளிக் கடித்தேன், உப்பில்லாமல், எலுமிச்சையில்லாமல். சத்தம் வந்தது அக்கா. தண்ணியைக் கடிக்கிற மாதிரிதான் இருந்தது.

அடுத்த கார்த்திகையில் உன் திதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் ஒன்று வாங்கி, நீ வைத்த மாதிரியே வைத்து, இந்த டப்பாவிலேயே கொண்டுவருவேன். படையலில் நீயும் நானும் சாப்பிடுகிற அளவுக்கு வைப்பேன். முனிரத்தினத்தின் இலையிலும் இரண்டு வைப்பேன், அவர் கடிக்கிற சத்தம் கூடமெல்லாம் கேட்கணும். அதற்கப்புறம் நாலு மாதம் கழித்து, பதினாறு முடிகிற அன்று காலை முதல் ரயிலில் வந்து, பாவாவை உட்காரவைத்து நான் சொன்ன பொய்யைச் சொல்வேன். வேட்டியைப் பரப்பி, ஃபேனைப் போட்டு, ஈரம் போக எப்படிக் காயவைப்பது என்று முதலிலிருந்து காட்டிக்கொடுப்பேன். இது உன் கையில் அடித்துச் செய்கிற சத்தியம்.

அதுவரைக்கும் "அவரு பாவம்டி" என்று என் கனவில் வந்து சொல்லாதே.

உன் சத்தியத்தை மீறாமலேயே சண்டை போட்டு ஜெயித்த,
உன் கூடப்பிறந்தவள்,
கோமு